மறிக்க ஏலாத ஆள்

வியாழக்கிழமை பின்னேரத் தேநீர் நேரத்தில் அலுவலக மேலாளர் மிஸ்டர் டொய்ல் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, "ரஞ்சி இஸ் எ ஃபோர்ஸ் ஒவ் நேச்சர்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இரஞ்சிதமும் வெட்கத்தோடு சிரித்தாள். கைதட்டல் அடங்கமுன்னமே மனிதர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கோப்பு அறை மேற்பார்வையாளர் பதவிக்குச் சூசன் ஒருத்திதான் விண்ணப்பித்திருக்கிறாளாம். நாளை ஐந்து மணியோடு முடிவுத் திகதியாம். ஆகவே சூசனுக்கு முன்கூட்டியே வாழ்த்துகளாம். இரஞ்சிதத்தின் கையிலிருந்த பிஸ்கற் தேநீருக்குள் விழுந்தது.

சூசன் யார்? எட்டு மாதத்துக்கு முன் வந்த பெட்டை. கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்கவே அவளுக்கு இரஞ்சிதம்தான் பழக்கினாள். போன டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு டார்வின் நகரத்தைப் புயல் துடைத்து எறிந்தபோது, இவர்கள் வேலை பார்க்கும் காப்புறுதி அலுவலகத்துக்கு மூவாயிரம் கோரிக்கைகள் வந்து குவிந்தன. ஊறிப்போன கடிதங்கள், இல்லாமற்போன வீடுகளின் முகவரிகள், ஒரே ஆளின் பெயரில் நாலு கோப்புகள். மூன்று மாதம் மத்தியானச் சாப்பாட்டையும் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டு, அவ்வளவையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் இரஞ்சிதம். அப்போது சூசன் கடற்கரை வெயிலில் கிடந்து முதுகு தோலுரிந்து வந்திருந்தாள்.

வீடு இருக்கும் ஹோம்புஷ் வரைக்கும் ரயிலில் அவளுக்கு அதே நினைப்புத்தான். வீட்டுக்கு வந்து கைப்பையைக் குசினி மேசையில் போட்டாள். கணவர் சச்சிதானந்தன் கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ஃபோர்ஸ் ஒவ் நேச்சர் எண்டா என்ன?"

"அது பெரிய புகழ்ச்சியெல்லோ. புயல், வெள்ளம் மாதிரி ஒருத்தராலயும் மறிக்க ஏலாத ஆள் எண்டு அர்த்தம். ஆரைச் சொன்னவை?"

"என்னைத்தான். மறிக்க ஏலாதாம்! பிறகு என்னத்துக்கு அந்த வேலையைச் சூசனுக்குத் தூக்கிக் குடுக்கினம்?"

அவர் பேப்பரை மடித்தார். "நீர் விண்ணப்பம் எழுதிக் குடுத்தனீரே?"

"நான் ஏன் எழுதிக் குடுக்கோணும்? என்ர முறைதானே!"

கொழும்புக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே மூப்புப் பட்டியல் ஒன்று இருந்தது. பெயர் மேலே வந்தால் கடிதம் தானாக மேசைக்கு வரும். தன் வாயால் பதவி கேட்பவனைக் கிளாக்கர்மார் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். இங்கே அந்தப் பதவிக்கு ஆள் கேட்கும் விளம்பரம் இரண்டு கிழமை சுவரில் தொங்கியது. அதைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, நாலு மூலைக்கும் ஊசி குத்தியதே இரஞ்சிதம்தான். தனக்குத்தான் வரப்போகிறது என்ற நினைப்பில் கொஞ்சம் நேராகக்கூடக் குத்தினாள்.

"நீர் அடிச்சதை நீரே வாசிக்கேல்லையே?" என்று அவர் சிரித்துவிட்டார்.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ!" அவள் சட்டியை அடுப்பில் ணங்கென்று வைத்தாள். "மாடு மாதிரி உழைச்சா எனக்கு ஒரு பட்டம். உத்தியோகம் வேற ஆளுக்கு. சீ, என்ன சனங்களப்பா இதுகள்!" உண்மையில் அவளுக்குத் தன்மேல்தான் கூடுதல் ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை வேலை ஓய்ந்த நேரத்தில் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தாள். விரல்கள் கச்சேரிப் பழக்கத்தில் 'மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது' என்று ஆங்கிலத்தில் அடித்தன. தாளை உருவி எறிந்தாள். அடுத்த தாளிலும் அதே தாழ்மை வந்து நின்றது. அதையும் கசக்கினாள். மூன்றாவதில் மூன்றே வரி எழுதினாள். இந்த வேலை எனக்கு வேண்டும். டார்வின் கோப்புகளை ஒழுங்குபடுத்தியது நான். சூசனைப் பழக்கியதும் நான். கீழே கையொப்பம்.

டொய்லின் அறைக்குள் அவள் போனபோது ஐந்துக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. கடிதத்தைப் படித்த மனிதரின் காது சிவந்தது. உனக்கு விருப்பமில்லை என்றல்லவா நினைத்தேன், சூசனுக்கும் சொல்லிவிட்டேனே, இப்போது வந்து கேட்டால் எப்படி, என்று இழுத்தார்.

"இன்னும் ஐந்து மணியாகவில்லை, மிஸ்டர் டொய்ல்" என்றாள் இரஞ்சிதம், ஆங்கிலத்தில்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த அறையில் நின்றபடியே குறிப்பெடுத்தவள், சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.