அனுப்புநர் பெயர்

ஜோதிமணி வார இதழில் முதல் விளம்பரம் கொடுத்தது இரண்டாயிரமாவது வருடம். ஓசூரில் அப்போது தபாலில் துணி விற்பவர் யாரும் இல்லை. திருப்பூரிலிருந்து பெண்களின் உள்ளாடைகளை மொத்தமாக வாங்கி வி.பி.பி. பார்சலில் அனுப்புவது அவள் யோசனை. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். உள்ளே என்ன என்று மேலே எழுதியிருக்காது. கடைக்காரனிடம் குரலைத் தாழ்த்தி அளவு சொன்னால், அவன் நாலு பேர் காதில் விழ உள்ளே பார்த்துக் கத்துவான். அந்தக் கூச்சம் அவளுக்கே இருந்தது. அதிலிருந்துதான் இந்த யோசனையும் வந்தது.

அந்த விளம்பரத்தில் தன் பெயரைப் போட்டாள். வந்த நாற்பத்தொரு கடிதங்களில் பதினேழு ஆண்கள் எழுதியவை. நாலைந்தைப் படித்துவிட்டு மிச்சத்தைப் பிரிக்காமலே வெந்நீர் அடுப்பில் போட்டாள். படித்த அத்தனையும் அசிங்கம்.

சிப்காட் கம்பெனியில் வேலை பார்த்த அவள் கணவன் மோகன்குமார்தான் வழி சொன்னான். "விளம்பரத்துல 'தோழி'ன்னு மட்டும் போடு. தபால் பெட்டி நம்பர் போதும். பார்சல்ல அனுப்புநர் எடத்துல என் பேரு இருக்கட்டும். எவனும் வாலாட்ட மாட்டான்." மறுநாளே தன் பெயரை ஆங்கிலத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொண்டுவந்து கொடுத்தான்.

மூன்று வருடத்தில் பார்சல்கள் தேனி வரை போயின. பின்னறை முழுக்க அட்டைப்பெட்டிகள். கடிதங்களை ஜோதிமணி மட்டுமே பிரித்தாள். தோழிக்கு எழுதிய பெண்கள் அளவோடு நிறுத்தவில்லை. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு மாறியதை எழுதினார்கள். கண்ணாடி முன் நிற்பதை விட்டுவிட்டதை எழுதினார்கள். சில கடிதங்களுக்கு அவள் பார்சலுக்குள்ளேயே ஒரு துண்டுச் சீட்டில் பதில் வைப்பாள். கையெழுத்துப் போடுவதில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஓர் ஆள் வந்து வாசலில் நின்றான். கேட்டுக்கு வெளியே ஒரு பெண், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"மோகன்குமார்ங்கிறது யாருங்க?"

"எங்க வீட்டுக்காரருங்க. டூட்டிக்குப் போயிருக்காரு. நீங்க யாருங்க தம்பி?"

"மாதேஷ். ராயக்கோட்டை தக்காளி மண்டியில எடை போடறேன். உங்க வூட்டுக்காரரு என் பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதறாருங்க. அதான் போஸ்டாபீசுல வூட்ட விசாரிச்சு, ஆளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். ஜோதிமணி வாங்கிப் பார்த்தாள். 'இந்த முறை இடது பக்கம் பஞ்சு கொஞ்சம் கூட வைத்திருக்கிறேன். குனிந்தால் நகராது. சரியாக இருக்கிறதா என்று எழுதவும்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதடு வரை வந்துவிட்டது. அப்போதுதான் கேட்டருகே நிற்பது யார் என்று உறைத்தது.

மாதேஸ்வரி. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் வேலை. குழந்தை பிறந்து பால் கட்டி, சீழ் வைத்து, அறுத்து எடுத்ததில் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது. துணியைச் சுருட்டி வைத்தால் செடிக்குக் குனியும்போது நழுவுகிறது என்று எழுதியிருந்தாள். 'இதை யாருகிட்டயும் சொன்னதில்லை தோழி' என்று கடைசியில் ஒரு வரி. ஜோதிமணியே உட்கார்ந்து தைத்து இரண்டு முறை அனுப்பினாள். இது மூன்றாவது. முந்தைய இரண்டையும் மாதேஸ்வரியே வாங்கிக்கொண்டாள். ஸ்டாம்பில் இருந்த ஆங்கிலம் அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்தத் தடவை வாரலீவில் வீட்டில் இருந்த மாதேஷ் வாங்கியிருக்கிறான்.

"ஆஸ்பத்திரிக்கு அவளக் கூட்டிட்டுப் போனது நானு," என்றான் மாதேஷ். "எனக்குத் தெரியும். இந்த ஆளுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது நான் எழுதுனதுங்க."

"பேரு மோகன்குமார்னு இருக்குதே. புருசனக் காப்பாத்தணும்னா யாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

ஜோதிமணி ஒரு பழுப்புக் கவரை எடுத்து, எதையும் பார்க்காமல் மாதேஸ்வரியின் முகவரியை எழுதினாள். அதன் கீழே சீட்டில் இருந்த மூன்று வரிகளையும் எழுதினாள். அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரு நாளைக்கு நூறு பேர் கைச்சீட்டைப் பார்க்கிறவன். 'ழு'வின் வாலில் விரலை வைத்தான். மற்றதிலும் வைத்தான்.

அதற்குள் மாதேஸ்வரி கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள்.

"அக்கா, என் லெட்டரப் படிச்சது யாரு?"

"நாந்தான் கண்ணு. அவரு ஒரு லெட்டரக்கூடத் தொட்டதில்ல."

மாதேஸ்வரி தலையை ஆட்டினாள். மாதேஷ் சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப உங்க பேரயே போட வேண்டியதுதானேங்க. எதுக்கு ஆம்பள பேரு?"

"என் பேரப் போட்டா கண்டவனும் அசிங்கமா எழுதறானுங்க தம்பி."

"உங்களுக்கு அசிங்கம்னு எங்க வூட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

ஜோதிமணி அவர்களை உட்காரச் சொன்னாள்; அவர்கள் உட்காரவில்லை. தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார்கள். புறப்படும்போது மாதேஸ்வரி, "இனிமே அனுப்பாதீங்கக்கா," என்றாள்.

"ஏங்கண்ணு, நாந்தான் எழுதுனேன்னு தெரிஞ்சுபோச்சல்ல?"

"தெரிஞ்சுதுக்கா. ஆனா ரெண்டு நாளா ஒரு ஆம்பள படிச்சிருப்பான், படிச்சிருப்பான்னே இருந்துச்சு. இப்ப இல்லன்னு தெரிஞ்சும் அது போகல."

அவர்கள் போன பிறகு ஜோதிமணி அன்றைய தபாலுக்குக் கட்டி வைத்திருந்த அறுபத்திரண்டு பார்சல்களின் நடுவே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் கணவன் பெயர். அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று மூன்று வருடமாக நம்பியிருந்தாள். அந்தப் பெண்கள் கூச்சமில்லாமல் எழுத விளம்பரத்தில் 'தோழி' என்று இருந்ததே போதும். ஸ்டாம்ப் அவளுக்காக மட்டும்தான். அதை அவள் ஒருநாளும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. இந்த அறுபத்திரண்டில் எத்தனை வீடுகளில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, வெளியே சொல்லாமல், அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஸ்டாம்பின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டினாள். தமிழில் 'ஜோதிமணி' என்று எழுதினாள். பார்சல்களின் படிவங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினாள். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்த மோகன்குமார் சட்டையைக் கழற்றிக்கொண்டே பார்த்தான்.

"என் பேர எடுத்துட்டியா? மறுபடி எழுதுவானுங்க, தெரியுமில்ல?"

"எழுதட்டும். நாந்தான பிரிக்கறேன்."

அவனுக்கு முகம் சுண்டிப்போனதை அவள் கவனித்தாள். ஆனால் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை.

காலையில் ஆட்டோவில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த கங்கப்பன் அவளை எப்போதும் 'மோகன்குமார் மேடம்' என்றுதான் கூப்பிடுவார். மேலே இருந்த பார்சலைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இது ஜோதிமணி? புதுசா ஆள் சேத்திருக்கீங்களா?"

"நாந்தாங்க சார்."

"ஓ." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். "அப்ப பார்சல் பணத்துக்கான மணியார்டரெல்லாம் இந்தப் பேருக்குத்தான் வரும். தபால் பொட்டி வேற அவரு பேர்ல இருக்குது. மாத்தணும்னா ரேஷன் கார்டு நகல் வெச்சு எழுதிக் குடுங்க."

ஒரு படிவத்தை நகர்த்தினார். நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்துப் பெயர் எழுதும் கட்டத்தில் வைத்தாள். கை தானாக 'மோ' என்று எழுதிவிட்டது.

"இன்னொரு பாரம் குடுங்க சார்," என்றாள்.