தவளையார் சங்கிலி தேடிய கதை

தவளை என்று பேர் வைத்தது அவருடைய மனைவிதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாயங்காலம், சீட்டே இல்லாத சைக்கிள் ஒன்றின்மேல் நின்றபடி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத் துள்ளித் துள்ளி மூன்றாவது மாடிக்கு வந்து காலிங் பெல்லை அழுத்தினார் மனுஷன். வேறு என்னவென்று கூப்பிடுவது? இத்தனைக்கும் அவர் தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட விட்டுவிட்டு தான் படியேறி வருகிற ஆள், அதுவும் சைக்கிளில். பேரோடு ஒரு 'ஆர்' சேர்த்து 'தவளையார்' ஆனது பிறகு, அவருக்கு நாற்பது தாண்டியதும் வந்த மரியாதை.

அந்த சைக்கிளில் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வர முடியாது. உட்கார இடமில்லை, கியர் ஒன்றே ஒன்று, நாலு நிமிஷம் மிதித்தால் இடுப்பு கழன்றுவிடும். அதன் வேலை தாவுவது. பின்சக்கரத்தில் நின்று, பிரேக்கைப் பிடித்து, பிரேக்கை விடுகிற அதே கணத்தில் பெடலில் ஓர் உதை. அந்த ஓர் உதையில் ஆளும் வண்டியும் ஆறடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். உதைக்கிற கால் நம்பியிருப்பது சங்கிலி ஒன்றைத்தான். அது அறுந்தால் கால் வெறும் காற்றை மிதிக்கும், மூஞ்சி நேராக ஹேண்டில்பாருக்குப் போகும்.

மூன்று மாதம் முன்பு போனது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து கையோடு வந்துவிட்டது.

நல்லவேளை, வீட்டம்மா பல் டாக்டர். மிச்சத்தைச் சீவி, மேலே ஒரு புதுப் பல்லை ஒட்டி, பக்கத்துப் பற்களோடு நிறம் பொருத்தப் படாத பாடு பட்டார் டாக்டரம்மா. பல் என்னவோ ஜம்மென்று உட்கார்ந்தது. ஆனால் அன்றிலிருந்து தவளையார் வாயைத் திறந்து சிரிப்பதை நிறுத்திவிட்டார். சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கி மூக்கு வழியாக 'ஃபும்' என்று ஒரு சத்தம் விடுவார், அவ்வளவுதான். டாக்டரம்மா இதைக் கவனித்தார். எதுவும் சொல்லவில்லை.

சொல்லாத விஷயம் தவளையாரிடமும் ஒன்று இருந்தது. பல் போனபிறகு, வீட்டில் கிடந்த வேறொரு சங்கிலியை மாட்டிக்கொண்டு இரண்டு தாவல் போட்டிகளில் கலந்துகொண்டார். இரண்டிலும் கடைசித் தாவலுக்கு விளிம்பில் போய் நின்றார். இரண்டிலும் வலது கால் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டிலும் இறங்கி நடுவரிடம், "செயின்ல ஏதோ சத்தம் வருதுங்க" என்றார். சங்கிலியில் ஒரு சத்தமும் இல்லை. சத்தமெல்லாம் நெஞ்சுக்குள் வந்தது. அதைப் பொதுஇடத்தில் எப்படிச் சொல்வது?

இப்படித்தான் சங்கிலி தேடும் படலம் ஆரம்பித்தது. சைக்கிள் கடைக்காரருக்கு நல்ல பெரிய மனசு, பொறுமையும் அதற்கேற்ற அளவு. முதல் நாளே கண்ணாடிப் பெட்டியிலிருந்து தடிமனான சங்கிலி ஒன்றை எடுத்து வைத்து, "தம்பி, கண்ணை மூடிட்டு இதை எடுத்துட்டுப் போங்க" என்றார். முன்பு அறுந்த சங்கிலியும் அதே கம்பெனி, அதே தடிமன். தவளையார் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதாண்ணே என் பல்லைப் பிடுங்குனது."

"இதுவரைக்கும் யாரும் வந்து இப்படிச் சொன்னதில்லையே தம்பி."

"பல்லு போனவன் நான் சொல்றேன்ல."

அப்புறம் தினமும் வந்தார். வரன் பார்க்கிற அப்பா தோற்றார் போங்கள். ஒரு சங்கிலி பார்க்க லட்சணமாக இருந்தது, கண்ணிகளைக் கோக்கும் ஆணிகள் உள்ளே குழாய்போல வெற்றிடம், எடை குறைச்சல். "உள்ள ஒண்ணுமில்லாத ஆணியை நம்பி எப்படிண்ணே தாவுறது?" இன்னொன்று கண்ணிக்குக் கண்ணி வளைந்து வித்தியாசமாக இருந்தது. "இது ரெண்டே மாசத்துல நீண்டு தொங்கிடும்னு சொல்றாங்களே." மூன்றாவதில் கண்ணிகளை இணைக்க ஒரு குட்டிக் கிளிப். "கல்லுல ஒரு இடி இடிச்சா கிளிப் பறந்துடுமே." கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். தவளையாருக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். தேடிக்கொண்டிருக்கும் வரை தாவ வேண்டியதில்லை பாருங்கள். இது அவருக்கே அரைகுறையாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பக்கம் யோசிக்காமல் இருந்தார்.

டாக்டரம்மா ஒரு மாதம் பொறுத்தார், இரண்டு மாதம் பொறுத்தார். மூன்றாவது மாதம் சாப்பிடும்போது சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கிழமை போட்டி இருக்குல்ல. தாவுனா தாவுங்க. இல்லேன்னா வண்டியை யாருக்காவது குடுத்துடுங்க. படுக்கையறையில அது நிக்கிற இடத்துல எனக்கு ஒரு அலமாரி வைக்கணும்."

அலமாரி என்ற வார்த்தையைக் கேட்டதும் தவளையார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். பதினெட்டு வருஷம் கட்டில் பக்கத்தில் நின்ற வண்டி அது. கண் விழித்ததும் முதலில் தெரிவது அதன் முன்சக்கரம்தான், டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

சனிக்கிழமை காலை தவளையார் ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று சங்கிலியை வாங்கினார்: உள்ளே வெற்றிடமான ஆணி, வளைந்த கண்ணி, அப்புறம் வேண்டா வெறுப்பாக அந்தத் தடியன். நேரே லிஃப்ட் கம்பெனி பட்டறைக்குப் போனார். அங்கே ஒரு டன் தூக்கும் கொக்கியும், எத்தனை கிலோ இழுவை என்று காட்டும் முள்ளும், முன்னால் நிற்பவர் மண்டையைக் காப்பாற்ற இரும்பு வலையும் உண்டு. ஒவ்வொரு சங்கிலியையும் வேண்டிய நீளத்துக்குப் பிரித்து, ஆணியைத் திரும்பத் தள்ளி வளையமாக மூடி, மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் நடுவே மாட்டினார். வலைக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் யாரும் நாற்பது தாண்டியவர் என்று சொல்லமாட்டார்கள்.

முதலாவது முந்நூற்றுப் பத்து கிலோவில் படாரென்று போனது. இரண்டாவது முந்நூற்று நாற்பது. மூன்றாவது தடியன், ஆயிரம் தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தது, நானூறு கிலோவில் அறுந்து வலையில் வந்து மோதியது.

சந்தோஷம் அத்தோடு சரி. தவளையார் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு மனைவியின் கிளினிக்குக்குப் போனார். ஒரு பெரிய கட்டடத்தில் பதினோராவது மாடி. அங்கே ஓடுகிற லிஃப்ட் அவர் பராமரிப்பில் இருப்பதுதான். மதிய நேரம், நோயாளிகள் யாருமில்லை. அவர் போய் நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார்.

"உலகத்துல நல்ல செயினே கிடையாது. நாளைக்கு நான் போகலை. நீ அலமாரியை வாங்கிக்கோ."

சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தார். 'அலமாரி' வரும்போது குரல் தழுதழுத்துவிட்டது.

டாக்டரம்மா டப்பாவைத் தட்டில் கொட்டினார். நெற்றியில் இருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, மேல்விளக்கை இழுத்து, பல் குத்திப் பார்க்கிற ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிக்கொண்டே போனார். பல் பார்க்கும்போது வருகிற அதே 'ம்... ம்...' தவளையார் தன்னையறியாமல் வாயைப் பாதி திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

"மூணுலயும் ஒரே இடத்துலதான் சொத்தை" என்றார் டாக்டரம்மா.

"ஒரே இடமா?"

"மத்த ஆணி தலையில எல்லாம் அழகா ஒரு சின்னக் குழி இருக்கு, கம்பெனியில அடிச்சது. அறுந்த இடத்துல இருக்கிற ஆணியில குழி நசுங்கிக் கிடக்கு, சுத்தி ஒரே கீறல். தகட்டுல ஓட்டை வேற பெரிசாகி இருக்கு. இந்த ஆணியை மட்டும் யார் போட்டது?"

தவளையார் மேல்விளக்கைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தார். அதில் கணவருடைய உடைந்த பல் இருந்தது, கூடவே அன்றைக்கு அறுந்த சங்கிலியின் துண்டு. இரண்டையும் இந்த அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்தது தவளையாருக்கே அப்போதுதான் தெரியும். அந்த ஆணியிலும் குழி நசுங்கிக் கிடந்தது.

"கழட்டுன ஆணியையே திரும்பப் போடலாமா?"

"போடக்கூடாதுதான். ஒவ்வொரு செயின் கூடவும் புது ஆணி ஒண்ணு தருவாங்க, குட்டிப் பொட்டலத்துல."

"அது எங்க?"

"சேர்த்து வச்சிருக்கேன்" என்றார் தவளையார். சொல்லும்போதே காது சிவந்தது. "உபரின்னு நினைச்சேன். சட்டையோட பொத்தான் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி."

எத்தனை வருஷமாகச் சேர்த்தீர்கள், எத்தனை பொட்டலம் என்றெல்லாம் டாக்டரம்மா கேட்கவில்லை. திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"லிஃப்ட் கயித்துல பழைய கிளிப்பைக் கழட்டித் திரும்பப் போடுவீங்களா?"

"சேச்சே. வேலை போயிடும்."

"இங்க பல்லு போச்சு."

தவளையாருக்கு 'ஃபும்' வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. இதுவரை சங்கிலிமேல் பயம், இப்போது தன் கைமேலேயே பயம் என்று ஆகிவிட்டதே. அதையும் சொன்னார், முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்: விளிம்பு, அசையாத கால், இல்லாத சத்தம். "செயின் நல்லதுதான். என் கைதான் சரியில்லை. அதை நம்பி எப்படித் தாவுறது?"

"நான் தினமும் பதினோரு மாடி எதை நம்பி ஏறி வரேன்?" என்றார் டாக்டரம்மா. "இதே கை மாட்டுன கயிறுதானே? ஒரு நாளாவது மேல எட்டிப் பார்த்திருப்பேனா? போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு வரேன். போய் புதுச் செயின் வாங்கிட்டு வாங்க."

போனார். கடைக்காரர் தூரத்தில் அவர் வருவதைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. அந்தத் தடியனையே குடுங்க."

"முதல் நாள் நான் எடுத்து வச்சதே இதைத்தானே தம்பி?"

"ஆமாண்ணே."

"பல்லைப் பிடுங்குனதுன்னீங்களே?"

"அது நான்தாண்ணே" என்றார் தவளையார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சங்கிலியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பொட்டலத்தைப் பிரித்து, புது ஆணியை அளவாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்படி தள்ளினார். பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு வந்தது. "கடிச்சா இந்தப் பல்லு கொஞ்சம் உயரமாத் தெரியுது" என்றார். தவளையார் அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் இரண்டு முறை அசைத்துக் கொடுத்தார். சரியானது.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். கடைசித் தாவல் மர அடுக்கின்மேலிருந்து சிமென்ட் குழாய் ஒன்றின்மேல், நடுவே ஆறடி அகலப் பள்ளம். தவளையார் அதுவரை ஒரு முறைகூடத் தரையில் கால் வைக்காமல் வந்து, பின்சக்கரத்தில் விளிம்பில் நின்றார். கீழே நடுவர் அவரைப் பார்த்ததும், "செயின்ல சத்தமா?" என்று பேனாவைத் திறந்தார்.

தவளையார் காதைக் கொடுத்துக் கேட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. வலது கால் வழக்கம்போல அடம்பிடித்தது. சாக்குக்கு வேறு ஏதாவது கிடைக்குமா என்று ஒரு கணம் உள்ளே துழாவிப் பார்த்தார். ஒன்றுமே மிச்சமில்லை, இந்த அம்மா எல்லாவற்றையும் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டிருந்தார். கூட்டத்தில் தேடினார். டாக்டரம்மா முன்வரிசையில் நின்றுகொண்டு போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டில் நிற்கிறதுபோலவே.

"சத்தம் எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உதைத்தார்.

சங்கிலி இழுத்தது. வண்டி போனது. பள்ளம் காலுக்கடியில் வந்து, கடந்து, பின்னால் போய்விட்டது. பின்சக்கரம் சிமென்ட்டில் தொப்பென்று உட்கார்ந்தது, ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல், நின்றது. தவளையாருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மேலேயே நின்று, ஒரு காரணமும் இல்லாமல் இன்னும் நாலு துள்ளல் துள்ளினார். நடுவர் நேரம் முடிந்துவிட்டது என்று கத்தினார். அவர் காதில் விழவில்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்படியே இறங்கி ஓடிவந்து மனைவியின் முன்னால் நின்றார், இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. டாக்டரம்மா காதிலிருந்ததை எடுத்துவிட்டு, அவர் முகவாயை இரண்டு விரலால் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். மூன்று மாதம் கழித்து இப்போதுதான் அந்தப் பல்லை முழுசாகப் பார்க்கிறார்.

"கிளினிக் வெளிச்சத்துல தெரியலை" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒரு சாயல் வெள்ளையாப் போயிடுச்சு. மூடாதீங்க, நல்லாப் பார்த்துக்கறேன்."