வேட்டுக்காரரின் தலை

நான்காவது வேட்டு வெடித்து, பாறையை உடைத்துத் தோண்டுகிற கிணற்றுக்குள்ளிருந்து எழுந்த புகை விளிம்பைத் தாண்டிக் கரைந்துகொண்டிருந்தபோது, "அவ்வளவுதான், எறங்குங்கப்பா" என்றார் கந்தன். பாறை மறைவில் குந்தியிருந்த ஆட்கள் தலைத்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். கந்தனின் மனைவி செல்லியம்மாள் மட்டும் எழவில்லை. காலையில் அவர் திரி நறுக்கும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றைவிட ஒன்று நீளமாக ஐந்து திரிகள். தனித்தனியாக வெடிக்க வேண்டும், மேலே நிற்பவர்கள் எண்ண வேண்டும், எண்ணிக்கை சரியாகும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மேட்டூர் அணைக்குக் கல் உடைத்த காலத்தில் அவரே கற்றுவந்து பனமரத்துப்பட்டி வட்டாரத்துக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. அவர் வைத்த வேட்டில் இதுவரை ஓர் ஆளுக்கு ஒரு விரல் நகம்கூடப் போனதில்லை.

"ஏனுங்க, அஞ்சு திரிங்க."

"நாலுதான்."

"நான் பாத்தனுங்க. அஞ்சு நறுக்குனீங்க."

"வேட்டு வெச்சது நானா, நீயா?"

அத்தனை பேர் முன்னால் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. அதற்குள் அவள் அண்ணன் மகன் சென்றாயன் இரண்டாவது படியில் கால் வைத்துவிட்டான். செல்லியம்மாள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் கல் குவியலில் மல்லாந்து விழுந்தார்கள். விழுந்த இடத்தில் நிலம் ஒரு உதை உதைத்தது. ஆட்டுத்தலை அளவு கல்லொன்று கிணற்றிலிருந்து கிளம்பி, அறுத்த சோளக்காட்டுக்கு நடுவே போய் விழுந்தது.

ஆட்கள் கல் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கந்தன் மட்டும், அடுத்த காட்டில் ஏதோ சத்தம் கேட்டவர்போலக் கையை நெற்றியில் வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

"இது ஆரு வெச்ச வேட்டு?" என்று கேட்டார்.



மறுநாள் விடிந்ததும் சென்றாயன் வந்தான். "அத்தை, மாமன இனிமே கெணத்துப் பக்கம் தாட்டி உடாதீங்க" என்று தலையைக் குனிந்தபடியே சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வெடிமருந்தையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கந்தனுக்கு முதுகுப் பிடிப்பு என்று செல்லியம்மாள் ஊருக்குச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் கூச்சமாக இருந்தது. இந்த ஒரு வருசமாக அவள் செய்துவந்ததே இந்த மூடி மறைக்கிற வேலைதான். மல்லூர்ப் பாதை பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர் நிற்பார், இவள் கவனிக்காததுபோல முன்னால் நடப்பாள். செத்துப்போன காளையின் பெயரைச் சொல்லி இப்போதிருக்கிற காளையைக் கூப்பிடுவார், இவள் அதற்குத் தவிடு வைப்பாள். யாராவது ஏதாவது கேட்டால் அவர் வாயைத் திறக்குமுன் இவள் பதில் சொல்லிவிடுவாள். மூப்பு என்று சொல்லவும் வழியில்லை. அவருக்கு ஐம்பத்து நாலு. அவருடைய அப்பன் எண்பது வயதில் சாகிற அன்றுகூட எந்த மடையை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார். நான் மூடி மறைத்ததால்தானே என் அண்ணன் மகன் அந்தப் படியில் கால் வைத்தான் என்று அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பாவாயி காத்துக் கருப்பு என்றாள். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கயிறு எதற்கென்று கந்தன் நாளுக்கு நாலு தடவை கேட்டார். பத்தாம் நாள் சந்தைக்குப் போகிற வண்டியில் ஏற்றி அவரைச் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் பட்டணத்துக்காரர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதையும் அவசரப்படாமல் கேட்டார். முதலில் அவளை வாய் திறக்கக் கூடாது என்றார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இது என்ன மாசம்?"

"மழ பேயற மாசந்தானுங்க." வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இப்ப ராஜா யாரு, தெரியுமா?"

"எந்த ராசா இருந்தா எனக்கென்னுங்க சாமி, பாற ஒண்ணுதானுங்களே" என்று கந்தன் சிரித்தார். டாக்டரும் சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டார். பிறகு, "மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க. சாவி, எலுமிச்சம்பழம், குதிரை" என்றார். கந்தன் திருப்பிச் சொன்னார். டாக்டர் அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். "நான் சொன்ன மூணு வார்த்தை என்ன?"

"நீங்க ஒண்ணுஞ் சொல்லவே இல்லீங்களே" என்றார் கந்தன், மரியாதையாக.

செல்லியம்மாளின் நாக்கு நுனியில் மூன்றும் நின்றன. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இதுவரை தான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறந்துபோனதைத் தேடினால் பரவாயில்லை. அவர் தேடவே இல்லை. அங்கே ஒன்று இருந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். வீட்டில் சாமான்களை இடம் மாற்றக் கூடாது, ஒரே நேரத்தில் சோறு, ஒரே பாதையில் நடை, தீயும் கிணறும் எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்னதையெல்லாம் அவள் அப்படியே செய்தாள். கிணற்று வாயில் முள்வேலி போட்டாள். வீடு அவளுக்கு ஒரு காவல்கூடம்போல ஆயிற்று. அவர் எழுந்தால் இவளும் எழுந்தாள்.

அப்படியும் ஒரு மத்தியானம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவள் உள்ளே வந்தபோது அவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். விறகு புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கூரைச் செருகலிலிருந்து எடுத்த ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்து, மாவுபோல ஒரு பிடி எடுத்துத் தீக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். வேட்டுக்குப் போடுகிற கறுப்பு மருந்து. எப்போது செருகி வைத்தாரோ.

அவள் கத்தவில்லை. கத்தினால் அவர் கை உதறிவிடும் என்று பயந்தாள். பூனைபோலப் பின்னால் வந்து அந்த மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இங்க குடுங்க. நான் போடறனுங்க."

"கம்பு மாவு புள்ள. கூழு காச்சலாம்னு. உனக்கு வேல சாஸ்தி."

பொட்டலத்தைக் குளத்தில் வீசிவிட்டு வந்து, கூரைச் செருகல் முழுவதையும் தடவிப் பார்த்தாள்.

இரண்டாம் தடவை போனபோது டாக்டர், ரத்தத்தில் மூளையைக் கெடுக்கிற மேகநோய் போன்ற எதுவும் இல்லை என்றார். அவள் முகம் மலர்ந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இருந்திருந்தா மருந்து இருக்கும்மா. இதுக்கு இல்ல. இன்னும் கூடத்தான் செய்யும்." சீமையில் இவரைப்போலவே வயசாகுமுன்பே மறதி வந்த சிலரை டாக்டர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள், இறந்தபிறகு மூளையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே ஏதோ முடிச்சு முடிச்சாக இருந்தது என்றார். மாதாமாதம் கூட்டிவந்தால் தானும் எழுதி வைப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "பின்னாடி, ரொம்ப நாள் கழிச்சு, அவரு காலத்துக்கப்புறம், நீங்க சம்மதிச்சா... இங்கயும் பாக்கணும்மா. பாத்தாத்தான் மத்தவங்களுக்காவது ஏதாவது தெரியும்" என்றார்.

அவர் என்ன கேட்கிறார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் கந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கந்தன் எழவில்லை. அன்றைக்கு அவர் கண் தெளிவாக இருந்தது.

"ஒடைக்காம பாறைக்குள்ள என்ன இருக்குதுன்னு எப்பிடிங்க தெரியும்?" என்று டாக்டரைப் பார்த்துச் சொன்னார். "என்ற மண்டைக்குள்ள என்னமோ பொத்துப் பொத்துப் போவுதுங்க. எனக்குத் தெரியுது. பாருங்க. நான் போனதுக்கப்புறம் பாருங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செல்லியம்மாள், "அடுத்த மாசம் சொல்றனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி சீலநாயக்கன்பட்டி தாண்டியபோது கந்தன் கேட்டார், "டாக்டரு என்ன புள்ள சொன்னாரு?"

"நீங்கதான பேசுனீங்க."

"நானா? நான் என்ன பேசுனேன்?" என்று அவர் காட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த வார்த்தைகள் இனி அவளிடம் மட்டும்தான் இருந்தன. அவர் மனசறிந்து சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? திரும்பக் கேட்கவும் ஆள் இல்லை.

சனிக்கிழமை வெயில் ஏறியதும் எண்ணெய் வைத்து, பலகையில் உட்காரவைத்து அரப்புத் தேய்த்தாள். முப்பது வருசமாகத் தேய்த்த தலை. இன்றைக்கு விரல்கள் தாமாகவே முடிக்குள் புகுந்து எலும்பைத் தேடின. காதுக்குப் பின்னால் ஒரு மேடு, பிடரியில் ஒரு பள்ளம், நெற்றியோரம் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஏம் புள்ள நிறுத்திட்ட? கண்ணு எரியுது" என்றார் கந்தன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. "நல்லா அழுத்தித் தேயி."

அவள் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினாள். மறுபடி கையை வைத்தாள். பிறந்த குழந்தைக்கு இன்னும் மூடாத உச்சிக்குழி இருக்குமே, அதன்மேல் வைப்பதுபோலத்தான் வைக்க முடிந்தது.