எதிர்ச்சாரி ஐஸ்

மலையில் இருந்த அணையைச் சிலர் துப்பாக்கியோடு போய்ப் பிடித்துக்கொண்ட செய்தியை, ஃபிஜித் தீவின் நகாசியில் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது இரண்டாயிரமாம் ஆண்டு, ஜூலை மாதம். அதற்கு முன்பே பார்லிமென்டைப் பிடித்திருந்தார்கள், தலைநகர் சுவாவில் கடைகளைக் கொள்ளையடித்திருந்தார்கள். மலையில் இருப்பது தண்ணீர்தானே என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் கரண்ட், அந்தக் கரண்ட்தான் குழாய்த் தண்ணீரும் டெலிபோனும் என்பது ஒவ்வொன்றாக நின்ற பிறகுதான் விளங்கியது.

பாலசுப்பிரமணிக்கு அது விளங்கியது அவர் மனைவி லீலாவதி இறந்த மறுநாள். உடலைக் குளிர் அறையில் வைத்திருந்த சவப்பெட்டிக்காரர் காலையிலேயே வேனோடு வாசலில் வந்து நின்றார்.

"பாலா பாய், டீசல் தீரப்போவுது. ஜெனரேட்டர் நின்னுபோச்சுன்னா அம்மாவை அங்க வெச்சிருக்கறது பாவம். இருக்கற ஐஸ் எல்லாம் வேன்ல போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவரைக் கோபித்து என்ன பயன்? முன்னறையில் தகரம் விரித்து, மேலே தெர்மோகோல் அட்டை பரப்பி, லீலாவதியைக் கிடத்தினார்கள்.

அன்றே எரித்துவிடலாம். ஆனால் முந்தின நாள், டெலிபோன் வேலை செய்துகொண்டிருந்தபோது, சிட்னியிலிருந்து மகன் ரவீனேஷ் பேசியிருந்தான். அவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை. எண்பத்தேழில் முதல் கலகம் வந்தபோது, பள்ளிக்கூடப் பையனாக இருந்தவனைச் சித்தப்பாவோடு விமானம் ஏற்றிவிட்டவள் லீலாவதிதான். இப்போது விமானங்களைக் குறைத்துவிட்டார்கள், சனிக்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது என்றான்.

"அப்பா, அம்மா மூஞ்சி பாக்கணும். நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க." அவனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"வெச்சிருக்கேன். நீ வா" என்றார் பாலசுப்பிரமணி.

மறுநாள் டெலிபோன் செத்துப்போனது. கொடுத்த வாக்கை மாற்றிச் சொல்லவும் இனி வழியில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பக்கத்து ஊர் நவ்சோரியில் ஐஸ் விற்கிற இடத்துக்கும் கரண்ட் இல்லை. அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் அறை கையகலம்தான்.

அந்தத் தெருவில் ஒரு விசித்திரம் இருந்தது. ரோட்டின் இரண்டு சாரிக்கும் வெவ்வேறு லைன். கரண்டைப் பங்குபோட்டு விட ஆரம்பித்ததிலிருந்து, இந்தச் சாரி இருண்டால் எதிர்ச்சாரியில் விளக்கு எரியும். மே மாதம் இந்தியர் கடைகள் உடைபட்டதிலிருந்து ரோட்டைக் கடந்து பேச்சும் நின்றிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்து இந்தியர்களுக்குப் பயம், அந்தப் பக்கத்து ஃபிஜிக்காரர்களுக்கு வெட்கம். லீலாவதி மட்டும் ரோட்டைக் கடந்து போய், எதிர்வீட்டு லிதியாவுக்கு வேலிக்கு மேலே கறிவேப்பிலை நீட்டுவதை நிறுத்தவில்லை.

வியாழன் மத்தியானம் அந்த லிதியா ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் உறைந்த தண்ணீரைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். ஃபிஜி மண்ணின் பெண், பேசியதோ தெருவெல்லாம் பேசுகிற ஹிந்தி. "இசா, தீதீ", ஐயோ அக்கா, என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனாள்.

லீலாவதியின் அண்ணன் பொன்சாமி டப்பாவைத் தூக்கி மோந்தார். தவுவாவில் கரும்பு வைத்திருப்பவர், துக்கத்துக்கு வந்திருந்தார்.

"மாப்ளே, இது வேணாம். அவங்க ஐஸ் பெட்டியில புலுமாகாவு இருக்கும்."

புலுமாகாவு என்றால் அந்த ஊரில் மாடு, மாட்டிறைச்சி.

"ஐஸ் தண்ணிதான மச்சான்."

"தண்ணிதான். அந்தக் கறியோட கெடந்த தண்ணி. என் தங்கச்சி மாரியம்மனுக்குத் தீ மிதிச்சவ. கறி மீனை வுட்டு எத்தினி வருஷம் ஆச்சு! உசுரோட இருந்தா தொடுவாளா? செத்துட்டா, கேக்க மாட்டான்னு மேல கொட்டுவியா?"

பொன்சாமி டப்பாவைத் திரும்பப் படியில் வைத்தார். டப்பா படியிலேயே இருந்து உருகியது. சாயங்காலம் லிதியா வேறு வேலையாக வெளியே வந்தவள் அதைப் பார்த்தாள். ரோட்டைக் கடந்து வந்து, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். ஏதாவது திட்டியிருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் வெள்ளி. தகரத்தின் ஓரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் எதிர்வீட்டுக் கொல்லையில் புகை எழும்பியது. குழி தோண்டிக் கல்லைப் பழுக்கவைத்து, இறைச்சியையும் கிழங்கையும் இலையில் சுற்றிப் புதைத்து வேகவைக்கிற லோவோ. சர்ச் ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பொட்டலம் கட்டிக்கொண்டும் போனார்கள்.

"பாத்தியா! இங்க சாவு, அங்க விருந்து" என்றார் பொன்சாமி. "இந்த ஊர்ல இன்னும் என்னாத்துக்கு இருக்கே? போதும் மாப்ளே. நாளைக்கு வெடிகாலையில எடுத்துருவோம். என் மவன் கொள்ளி வெப்பான். வெறகுக்காரன்கிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

பாலசுப்பிரமணி மனைவியின் முகத்தைப் பார்த்தார். இன்னும் முகமாகத்தான் இருந்தது. நாளை மாலை வரைக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. "சரி மச்சான்" என்றார்.

பொன்சாமி செருப்பு மாட்டும்போது லிதியா வந்தாள். கையில் டப்பா இல்லை. முழங்கை வரை ஈரம்.

"பய்யா" என்று ஹிந்தியில் அண்ணனாக அழைத்தாள். "வந்து பாருங்க."

"என்ன பாக்கணும்?" என்றார் பாலசுப்பிரமணி.

"ஃப்ரீஸர். இப்போ அதுல ஒரு துண்டு மாம்சம்கூட இல்லே. தீதீ மாம்சம் தொட மாட்டாங்களே, எல்லாத்தையும் சுட்டுக் கொடுத்துட்டேன். சோப்புப் போட்டு அலம்பிட்டேன், எலுமிச்சையும் தேச்சேன். எங்க ஆளுங்க சாவுக்குப் பாய் கொண்டுபோவாங்க. தீதீக்கு இப்போ பாய் எதுக்கு?"

பாலசுப்பிரமணி ரோட்டைக் கடந்தார். பின்னாலேயே பொன்சாமியும் வந்தார், ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு. தாழ்வாரத்தில் நின்ற பெரிய பெட்டியின் மூடியை லிதியா திறந்தாள். உள்ளே வெள்ளையாக, வரிசையாகத் தண்ணீர் டப்பாக்கள். மேலே ஐஸ் ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. பொன்சாமி இடுப்பை வளைத்து, தலையையே உள்ளே விட்டு மோந்தார்.

"மச்சான், விழுந்துராதீங்க" என்றார் பாலசுப்பிரமணி.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "எலுமிச்சம்பழ வாசனைதான் வருது."

தலையை வெளியே எடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. குளிர் பட்டதால் என்றார். ஒரு வீட்டின் பல நாள் சாப்பாடு அந்த விருந்தில் போயிருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தே சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு மாப்ளே, நேத்து நான் செஞ்சது தப்புன்னு. எனக்கு ஹிந்தி பரோபரா வராது." தவுவாவில் பிறந்து வளர்ந்தவருக்கு ஹிந்தி வராதாம். பாலசுப்பிரமணி சிரிக்காமல் சொன்னார். லிதியா பொன்சாமியின் கையில் இருந்த மற்ற செருப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

விறகுக்காரனிடம் யாரும் போகவில்லை. லிதியா சொல்லி, அந்தச் சாரியில் இன்னும் சில வீடுகளும் ஃப்ரீஸரில் இடம் ஒதுக்கின. கரண்ட் அந்தப் பக்கம் இருந்த நேரமெல்லாம் ஐஸ் ரோட்டைக் கடந்து வந்துகொண்டே இருந்தது. கடவுள் லைன் பிரித்து விட்டதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ஒருசேர இருண்டிருந்தால் யார் யாருக்குக் கொடுப்பது?

சனிக்கிழமை மாலை ரவீனேஷ் வந்துசேர்ந்தான். நாந்தி விமான நிலையத்திலிருந்து வழியெல்லாம் சோதனை. பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்தான். "சில்லுனு இருக்கு" என்றான். ஞாயிறு காலை அவனே கொள்ளி வைத்தான்.

அன்று மாலை அவன் சொன்னான்: "அப்பா, என்கூட வந்துருங்க. செவ்வாய்க்கிழமை பிளேன்."

"டப்பாவெல்லாம் திருப்பிக் கொடுக்கணும்டா."

"இப்பவே கொடுத்துடலாமே?"

"வெறும் டப்பாவா எப்பிடிக் கொடுக்கறது? காரியம் முடியற வரைக்கும் நம்ம வீட்லேருந்து பலகாரம் போவக்கூடாது."

ரவீனேஷுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் டிக்கெட்டைத் தள்ளிப்போடுகிறேன் என்றான்.

அப்போது இந்தச் சாரிக்குக் கரண்ட் வந்தது. எதிரே லிதியாவின் வீடு இருண்டது. பாலசுப்பிரமணி அலம்பி அடுக்கியிருந்த டப்பாக்களில் ஆகச் சிறியதை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, தன் ஃபிரிட்ஜின் கையகல அறையில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றுதான் நுழைந்தது.

"சாவு வீட்டு ஐஸ் அவங்க வாங்குவாங்களா மாப்ளே?" என்றார் பொன்சாமி.

"கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பாலசுப்பிரமணி ரோட்டைக் கடந்து போனார்.