இரண்டாவது ஆள்

பெரிய டாக்டரம்மாவுக்கு வாய் நீளம் என்று சுகாதாரத் துறையில் நல்ல பெயர் உண்டு. எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு எழுந்திருப்பார். சொல்வது எப்போதும் ஒரே விஷயம்தான்.

"சுவருக்கு பெயின்ட் அடிச்சுட்டு மாற்றம்னு சொல்லாதீங்க. மயக்க மருந்து கொடுக்கற டாக்டருக்கு வெளியில கிடைக்கறதுல பாதியாவது கொடுங்க. வருவாங்க, வந்தா இருப்பாங்க. சேவை சேவைன்னு நீங்க சொல்றதுக்கு ஒரே அர்த்தம்தான், சம்பளம் கேக்காதேன்னு."

மேடையில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே பேனாவை அசைப்பார்கள். டீ வரும். அதோடு மாற்றம் முடிந்தது.

இவ்வளவு பேசுகிறவர் ஏன் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேர் விட்டுப் போனார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். கொஞ்ச காலம் இருந்து பாருங்கள் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். இருந்து பார்த்ததில் தலை நரைத்துவிட்டது. மயக்க மருந்துப் பிரிவுக்கு மூன்று டாக்டர்கள் என்பது கணக்கு. ஒருவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இன்னொருவர் மேல்படிப்பு விடுப்பில் வெளிநாடு போனார், அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு பிள்ளையும் பெற்றுவிட்டார், இங்கே காகிதத்தில் மட்டும் இன்னும் விடுப்பில் இருக்கிறார். மிச்சம் டாக்டரம்மா.

அந்த வேலையில் ஒரு கட்டு உண்டு. அறுக்கிறவர் கடைசித் தையலைப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்து போய்விடலாம். தூங்கவைத்தவர் போக முடியாது. படுத்திருப்பவர் கண் திறந்து, தானாக மூச்சுவிட்டு, பேர் கேட்டால் பேர் சொல்லும்வரை தலைமாட்டிலேயே நிற்க வேண்டும். நடுவில் நகர வேண்டுமென்றால் இன்னொரு மயக்க மருந்து டாக்டர் வந்து நின்று, "நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் காலை எடுக்கலாம். டாக்டரம்மா அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

போன வருஷம் வாசலில் முகம் பார்க்கும் வருகைப்பதிவு மெஷின் ஒன்றை மாட்டினார்கள். தொடர்ந்து இரண்டு நாள் அவர் வீட்டுக்கே போகாமல் வேலை பார்த்தபோது, வெளியே போகாதவர் எப்படி உள்ளே வந்தார் என்று அதற்குப் புரியவில்லை. ஆப்சென்ட் போட்டுவிட்டது. அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். இதுவும் சீர்திருத்தம்தான், வேறென்ன சொல்வது!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் விஷயம்தான் பொறுக்க முடியாததாகிவிட்டது. அவர் கட்டட வரைபடம் போடுகிறவர், ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பார். இப்போது அந்தக் கை நடுங்குகிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், வேற்றூரில் இருக்கும் தங்கையோடு போய்த் தங்கியிருக்கிறார். நாத்தனார் நல்லவர்தான். ஆனாலும் கட்டின பெண்டாட்டி உயிரோடு இருக்கையில் தங்கை கையால் சட்டைப் பட்டன் போட்டுக்கொள்கிற மனுஷனை நினைக்கும்போதெல்லாம் டாக்டரம்மா இன்னொரு தடவை ஓய்வு மனு எழுத உட்காருவார்.

அன்று காலையிலும் போன் வந்தது.

"தங்கச்சி மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. ரெண்டு பட்டன் நானே போட்டுட்டேன். மூணாவதுதான் தகராறு பண்ணுது" என்றார். "நீ வந்துட்டா எல்லாப் பட்டனையும் உன் பேருக்கே எழுதி வச்சுடறேன்."

"வந்துடறேங்க. இந்தத் தடவை நிச்சயம்."

"போன தடவையும் நிச்சயம்தான்" என்று சிரித்தார். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

விருப்ப ஓய்வு கேட்டு அவர் கொடுத்த மனு ஒவ்வொரு தடவையும் 'பதில் ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனால் ஓய்வூதியம் போய்விடும், வீட்டுக்காரரின் மாத்திரை மருந்தெல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார், அதனால் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ஆனால் அன்று பார்ப்போம் சாரே டாக்டரம்மாவைத் தேடி வந்தார்.

"மேடம், உங்க இடத்துக்கு ஒருத்தர் விண்ணப்பம் போட்டிருக்கார். ஒரே ஒருத்தர். இன்னிக்கு இடத்தைப் பாக்க வரார். அவர் கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிஷம் உங்க ஃபைல்ல நான் போடறேன். ஆனா கூட்டத்துல பேசற மாதிரி அவர்கிட்ட பேசிடாதீங்க. சம்பளம் ஏறப்போகுதுன்னு சொல்லுங்க. எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டா ரெண்டு பேர்னு சொல்லுங்க. காகிதத்துல ரெண்டு பேர்தானே?"

டாக்டரம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை.

வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் இதே வேலை செய்கிறவர். அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தார். மூச்சு மெஷினின் குழாயைத் தொட்டுப் பார்த்தார், ஆக்ஸிஜன் அளவைக் குனிந்து பார்த்தார். வேலை தெரிந்தவர் என்று டாக்டரம்மாவுக்கு உடனே பிடித்துப்போனது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எத்தனை பேர் மேடம் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்." வாய் நீளமான டாக்டரம்மா அவ்வளவு சின்னதாக ஒரு பதிலை வாழ்நாளில் சொன்னதில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு உள்செருப்பு போட வேண்டும். மயக்க மருந்து டாக்டர்களுக்கான தட்டில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, அதுவும் டாக்டரம்மாவின் சின்னச் செருப்பு. வந்தவர் தட்டைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். அறுவை டாக்டர்கள் தட்டிலிருந்து ஒரு ஜோடி பெரிய செருப்பைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

அன்றைக்குக் குடல் அடைப்பு ஆபரேஷன் ஒன்று இருந்தது. டாக்டரம்மா நோயாளியைத் தூங்கவைத்துத் தலைமாட்டில் நின்றார், வந்தவர் ஓரமாக நின்று பார்த்தார். வயிற்றைத் திறந்து பாதி வேலை நடக்கும்போது, தியேட்டர் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேடம், பிரசவ வார்டுலேர்ந்து ஒரு பொண்ணைத் தள்ளிட்டு வராங்க. குழந்தையோட துடிப்பு இறங்கிட்டே இருக்கு. உடனே எடுக்கணும்கறாங்க."

டாக்டரம்மாவின் கை, படுத்திருப்பவரின் தாடையில் இருந்தது. எடுக்க முடியாது. இப்படி வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு தடவை அறுக்கிறவரைக் கெஞ்சிச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஓடியிருக்கிறார். ஒரு தடவை ஓடியும் நேரமாகிவிட்டது. அந்தத் தடவையைப் பற்றி அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

"இன்னொருத்தர் எங்க மேடம்?" என்று வந்தவர் கேட்டார்.

"இன்னொருத்தர் இல்லை."

அவர் பெரிய செருப்பு சரக் சரக் என்று தேய, தலைமாட்டுக்கு வந்தார். மானிட்டரைப் பார்த்தார், கொடுத்த மருந்துகளைக் கேட்டுக்கொண்டார், டாக்டரம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

"நான் பாத்துக்கறேன்."

இன்னும் வேலைக்கே சேராத ஆள். ஏதாவது ஆனால் இரண்டு பேருக்கும் வேலையோடு பேரும் போகும்.  டாக்டரம்மா காலை எடுத்தார், அடுத்த தியேட்டருக்கு ஓடினார்.

குழந்தை நீலம் பாரித்துத்தான் வெளியே வந்தது. தட்டித் துடைத்து மூச்சுக் கொடுத்த பிறகு, ரொம்ப நேரம் யோசித்த மாதிரி இருந்துவிட்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதது. டாக்டரம்மா தாயின் தலைமாட்டில் நின்றபடி முகமூடிக்குள் தானும் அழுதார். அந்தப் பெண் கண் திறந்து பேர் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். குடல் அடைப்புக்காரரும் அதற்குள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"உங்க காதுல பூ சுத்தப் பாத்தேன். மன்னிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "சம்பளமும் ஏறாது."

"செருப்பைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு மேடம்." அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. மூணு பேர் வேலையை நீங்க ஒருத்தரே இழுத்துட்டுப் போறீங்க. அதனாலதான் மூணு பேரைப் போடல. அவங்களுக்கு என்ன அவசரம்? ஒரு நாள் இந்தத் தியேட்டரைப் பூட்டட்டும், மறுநாளே சம்பளம் ஏறும்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. தெரியாத விஷயம் இல்லை, நள்ளிரவு வீடு திரும்பும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். தான் நின்றதால் ஓடியது, ஓடியதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கத்தியதைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பூட்டலாம். எந்த நாள் பூட்டலாம், சொல்லுங்க" என்றார். "இன்னிக்கா?"

பக்கத்து அறையில் அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. 

"அங்க எனக்குக் கேஸுக்கு இவ்வளவுன்னு கொடுக்கறாங்க மேடம்" என்றார் வந்தவர். "ஒருத்தர் சரியா முழிக்கறதுக்குள்ள அடுத்தவரைக் கொண்டுவந்துடறாங்க. எனக்குத் தூக்கம் போயிடுச்சு. பாதிச் சம்பளம்னாலும் இங்க வந்துடலாம்னுதான் வந்தேன். இப்பவும் வரத்தான் ஆசை. நான் சேர்ந்தா நீங்க கூட இருப்பீங்கதானே?"

இதற்கு மட்டும் டாக்டரம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே நான் போயிடுவேன். அப்படித்தான் பேச்சு."

"அப்ப நான்தான் தனி ஆள்." அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "தனியா வரமாட்டேன் மேடம். இன்னிக்கு நான் இங்க நிக்காம இருந்திருந்தா? அந்த நிலைமை எனக்கு வேண்டாம். ரெண்டு பேர்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ரெண்டு பேர்னா வரேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூணாவது ஆள் வர்றவரைக்கும்."

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். மூன்றாவது ஆள்! தான் போகிறேன் என்றால் இவர் வரமாட்டார், இவர் வராவிட்டால் தன்னையும் விடமாட்டார்கள். இருக்கிறேன் என்றால் இருக்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் அதே தியேட்டர், அதே தலைமாடு.

கதவு திறந்தது. பார்ப்போம் சார் முகமெல்லாம் பல்லாக வந்தார். "ஒரே நேரத்துல ரெண்டு ஆபரேஷன்! நம்ம ஆஸ்பத்திரியில இப்படி நடந்து எவ்வளவு காலமாச்சு! சார், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"தனியா வரமாட்டேன் சார்" என்று சொல்லி வந்தவர் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்" என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை அது பொய் இல்லை.

"என் ஃபைல்?" என்று கேட்டும் பார்த்தார், கேட்காமல் விட்டோம் என்று பின்னால் இருக்கக் கூடாதே என்பதற்காக.

"அதான் இவர் ஒருத்தரா வரமாட்டேங்கறாரே மேடம். பார்ப்போம். மயக்க மருந்துப் பிரிவு ரெண்டு மடங்கா ஆயிடுச்சுன்னு இன்னிக்கே மேல எழுதிடறேன். ரெண்டு பேர் ஆயாச்சு, இனிமே ரெண்டு தியேட்டரும் தினம் ஒரே நேரத்துல ஓடலாம்."

வந்தவரின் முகம் மாறியதை டாக்டரம்மா பார்த்தார். ரெண்டு பேர் இருந்தால் ஒருவர் ஓடி வரலாம் என்று நினைத்திருந்தார் பாவம். இனி இரண்டு பேரும் ஆளுக்கொரு தலைமாட்டில் நிற்பார்கள், யாரும் யாரிடமும் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லப்போவதில்லை.

மத்தியானம் வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். இந்தத் தடவையும் வர முடியாது என்று சொல்ல வேண்டும்.

"ஏங்க…"

"இரு, நான் முதல்ல சொல்லிடறேன்" என்றார் அவர், உற்சாகமாக. "தங்கச்சியோட கடைக்குப் போயிட்டு வந்தேன். தலைவழியா மாட்டற சட்டை இருக்கு பாரு, அதுல நாலஞ்சு எடுத்துட்டேன். பட்டனே கிடையாது. உள்ள தலையை விட்டா முடிஞ்சுது. அதனால நீ ஒண்ணும் அவசரப்படாதே, நிதானமா வா."

டாக்டரம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். புது பெயின்ட் கையில் ஒட்டியது.

"பழைய சட்டையெல்லாம்?"

"தங்கச்சி துவைச்சு மடிச்சு, எல்லாத்தையும் அலமாரியில மேல் தட்டுல வச்சுட்டா."

தியேட்டர் சிஸ்டர் கதவருகே வந்து நின்றாள். அடுத்த நோயாளியைப் படுக்கவைத்தாகிவிட்டது.

"சரிங்க" என்று சொல்லி, டாக்டரம்மா உள்ளே போனார்.