அரிசி மெல்லும் சத்தம்

மூன்றாவது முறையும் சோதனைக் குழாய் செங்கல் நிறமாகத்தான் மாறியது. ஞானதுரையின் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிய கம்பவுண்டர், குழாயைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். சோற்றை நிறுத்தியிருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கும், இந்த நிறம் வராது என்றார் டாக்டர். இப்படியே போனால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஞானதுரை தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. கால் புண்ணுக்காக லீவில் இருந்தார். சாரலில் நனைந்தபடி வீடு வந்து சேர்ந்தார். துண்டை நீட்டிய மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"நாப்பது நாளா ஒரு பருக்கை தொடல, சுகிர்தம். வேதப்புஸ்தகத்து மேல கை வச்சுச் சொல்லுதேன்."

சுகிர்தம் நம்பினாள். வேளைக்கு வேளை கேப்பைக் களியும் கோதுமைக் கஞ்சியும் கிண்டிக் கொடுப்பவள் அவள்தான். தனக்கென்று வடிக்கும் பிடிச் சோற்றை அவர் கண்ணில் படாமல் விழுங்கிவிடுவாள்.

மறுநாள் மத்தியானம், காயாத துணிகளை எடுத்துக்கொண்டு கொல்லையிலிருந்து திரும்பியவளுக்கு அடுக்களையில் நறநறவென்று சத்தம் கேட்டது. அரிசிப் பானை முன்னால் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன, பார்வை இல்லை. அரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டு மென்றார். கடைவாயில் வெள்ளையாகப் பால் வழிந்தது. கூப்பிட்டாள், கேட்கவில்லை. பிறகு எழுந்து, புண்காலைக் கொஞ்சமும் நொண்டாமல் நடந்துபோய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். விழித்ததும், வாயெல்லாம் ஏன் இப்படி இனிக்கிறது என்று அவளிடமே கேட்டார்.

சத்தியம் செய்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு ஹைருன் பீவியிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஹைருன் வந்தாள்.

"யக்கா, அண்ணாச்சி மத்தியானம் எங்க அடுக்களையில வந்து நின்னாவ. கூப்பிட்டேன், திரும்பல. எனக்குப் பயமா இருக்கு."

அரிசியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள் சுகிர்தம். அன்றிலிருந்து மத்தியானங்களில் வாசல் கதவைப் பூட்டினாள். தானும் சோற்றை விட்டாள்.

இரண்டு வாரத்தில் குழாய் நீலமாகவே நின்றது. புண்ணும் வாடத் தொடங்கியிருந்தது. அன்று மத்தியானம் சந்தோஷமாகப் படுத்துக் கண்ணயர்ந்தவளை அதே நறநற எழுப்பியது.

பானை இருந்த வெறும் தரைக்கு முன்னால் அவர் உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தார். கையில் ஒன்றுமில்லை. தாடை அசைந்தது. பல்லுக்கிடையில் அரிசி நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சுகிர்தம் எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார். மூடிய கையை அவள் பக்கம் நீட்டினார், பங்கு கொடுப்பவரைப் போல. அவளும் உள்ளங்கையை விரித்து ஏந்தினாள். அவர் விரல்கள் திறந்தன. பாரத்தில் அவள் கை தாழ்ந்தது.