திரையில் இல்லாத வால்

பொருட்காட்சி திறக்கச் சில நாட்களே இருந்தன. அன்று மதியம் ஹஃப்ஸா தன் லேப்டாப்பில் முதலையின் வாலை மறைத்தாள். யானையின் காலை முதலை கவ்வும் இடம் சரியாக அமையவில்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வால் குறுக்கே வந்தது. அனிமேஷன் மென்பொருளில் ஒவ்வொரு பாகத்தின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதைத் தட்டினால் கண் மூடிக்கொள்ளும். பாகம் திரையிலிருந்து போய்விடும். மூக்கைச் சொறிவது போல யோசிக்காமல் செய்கிற காரியம். தட்டினாள். வால் போயிற்று. பல்லும் காலும் தெளிவாகத் தெரிந்தன.

இதுவரை அவள் வேலை திரையோடு முடிந்துவிடும். நகைக்கடை விளம்பரம், கல்யாண அழைப்பு வீடியோ, இப்படித்தான். இந்த முறை, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் ஒரு மைதானத்துத் தகரக் கொட்டகைக்குள், பெரிய யானைப் பொம்மை ஒன்றின் காலடியில், நிஜமாகவே ஒரு முதலை கிடந்தது. லாரி நீளத்துக்கு இரும்புச் சட்டம், மேலே ரப்பர் தோல். கட்டியவன் அவள் அண்ணன் ஹாலித். சவூதியில் தம்மாமில் பல வருஷம் வெல்டராக இருந்துவிட்டுப் பாலக்கரைக்குத் திரும்பியவன், தங்கையைச் சேர்த்துக்கொண்டு எடுத்த முதல் பெரிய வேலை அது. ஆனையும் முதலையும் கதை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. கூட்டம் அள்ளும் என்று பொருட்காட்சி மேலாளர் சித்தார்த்தன் நம்பியிருந்தார். தாடைக்கு ஒரு மோட்டார், கழுத்துக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. ஹஃப்ஸா திரையில் எப்படி ஆட்டுகிறாளோ, கொட்டகையில் முதலை அப்படியே ஆடும்.

சித்தார்த்தன் வியர்க்க வியர்க்க வந்தார். "விளம்பரம் குடுக்கறவங்க கிளம்பிட்டாங்களாம்மா. வாயைத் தொறந்து மூடறதையாவது ஒருதடவை எனக்குக் காட்டுங்க."

ஹாலித் கையில் ஸ்பேனரோடு எழுந்தான். "வால் மூட்டுல ஒரு போல்ட் லூசா இருக்கு, முறுக்கிடறேன். இப்ப வால் ஓடுமா, ஹஃப்ஸா?"

அவள் திரையைப் பார்த்தாள். அங்கே வால் இல்லை.

"இல்லண்ணே. வாய் மட்டும்தான்."

அவன் யானைக்குப் பின்னால் போனான். அவள் உட்கார்ந்திருந்த மேஜையிலிருந்து அந்த இடம் தெரியாது. அவள் ஓட விட்டாள். தாடை மெல்லத் திறந்தது. சித்தார்த்தன் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு மோட்டார் உறுமியது. எதன் சத்தம் என்று புரியாமல் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் வாயைத் தவிர எதுவும் அசையவில்லை. அடுத்து ஓர் அலறல் எழுந்து, பாதியில் நெரித்தது போல நின்றது.

நிறுத்தும் பொத்தானைத் தட்டினாள். எல்லாம் அப்படியே உறைந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையில் அந்தக் கண்ணை மூடினால் பார்வையிலிருந்துதான் பாகம் போகும், அசைவு போகாது. மோட்டாருக்குப் போகிற கட்டளையும் போகாது. இந்த வேலைக்கு வந்த புதிதிலேயே தெரிந்துகொண்ட பாடம் அது.

ஓடினாள். தூக்கிய வாலுக்கும் கொட்டகையின் இரும்புத் தூணுக்கும் நடுவில் ஹாலித் நெருக்கப்பட்டு நின்றான். வலது கை வால் மூட்டுக்குள் மாட்டியிருந்தது. முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. மூச்சு துண்டு துண்டாக வந்தது.

"யா அல்லாஹ்! அண்ணே!"

"மெயினை இறக்கறேன்!" என்று சித்தார்த்தன் சுவிட்ச் பலகையைப் பார்த்து ஓடினார்.

ஹாலித்துக்குக் கத்த மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினான். "வேணாம்... சொல்லு... வேணாம்..."

அவளுக்குப் புரிந்தது. கரண்ட் இருக்கிறவரைதான் மோட்டார் வாலைத் தாங்கிப் பிடிக்கும். கரண்ட் போனால் அத்தனை இரும்பும் அவன் மேல் சரியும்.

"சார்! தொடாதீங்க! கைய எடுங்க!"

தனக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. லிவரில் வைத்த கையை அவர் சுட்டது போல எடுத்தார்.

ஒரே வழிதான் இருந்தது. வால் வந்த வழியே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு அவள் அவனை விட்டுவிட்டு மேஜைக்குப் போக வேண்டும். அந்த இடத்தைவிட்டுக் கால் பெயரவில்லை. "போ" என்றான் ஹாலித், உதட்டால் மட்டும்.

சித்தார்த்தனை, தன்னையும் அண்ணனையும் பார்க்கிற மாதிரி யானையின் பக்கத்தில் நிறுத்தினாள். "சார், என்ன நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க. வாயை மூடிடாதீங்க."

மேஜையில் உட்கார்ந்து, திரையில் மூடியிருந்த கண்ணைத் தட்டினாள். வால் திரைக்கு வந்தது. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்த அதே வளைவு. வேகமாக விசிறட்டும், பிள்ளைகள் பயப்படட்டும் என்று அவளே பார்த்துப் பார்த்து அமைத்த வளைவு. ஒரு ஃபிரேம், அதாவது அசைவின் ஒரு படி, பின்னால் போனால் வால் தளரும். முன்னால் போனால் நெஞ்செலும்பு நொறுங்கும். விசைப்பலகையில் அந்த இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிஸ்மில்லாஹ்."

தட்டினாள். மோட்டார் உறுமியது. ஹாலித் அலறினான்.

"என்ன சார்? என்ன ஆச்சு?"

"நெஞ்சுலேர்ந்து விலகுது... ஆனா கை... கையை இழுக்குதும்மா..."

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. அடுத்த தட்டில் கையே போய்விட்டால்? அத்தா மௌத்தாகி அடக்கம் செய்தபோதுகூட அழாத அண்ணன், யானைக்குப் பின்னால் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தான். பிறகு அந்த அழுகைக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது. "நிறுத்தாத புள்ள... போடு."

மறுபடி தட்டினாள். மறுபடி. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் உறுமல், ஒரு முனகல், சித்தார்த்தனின் உடைந்த குரல். கடைசியில் அந்தக் குரலும் நின்றுபோனது.

"சார்! பேசுங்க சார்!"

எழுந்து போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

"வெளிய எடுத்துட்டேன்மா," என்றார் அவர், எங்கிருந்தோ. "உசுரு இருக்கு. வண்டியக் கூப்பிடுங்க."

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. விலாவில் விரிசல். ஒரு விரல் இனி முழுதாக மடங்காது என்றார் டாக்டர். அண்ணி இன்ஷா கைக்குழந்தையோடு ஓடிவந்தபோது, கட்டிலில் கிடந்த ஹாலித், "மெஷின் கோளாறு, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

வாசலில் நின்ற ஹஃப்ஸாவுக்கு அது காதில் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. உடனே அந்த நிம்மதியே அவளைப் பயமுறுத்தியது. இப்படியே விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் தானும் அதை நம்பிவிடுவோம் என்று பட்டது. இன்ஷா வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மெஷின் இல்ல. நான்தான். திரையில வாலை மறைச்சு வச்சிருந்தேன். அத மறந்துட்டு, ஓடாதுன்னு சொல்லிட்டேன்."

இன்ஷா அவளை வெறித்துப் பார்த்தாள். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் சொல்றே? அவர்கிட்ட சொல்லு, போ."

அவள் சொன்னதை ஹாலித் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"வாலுக்கு முட்டுக் குடுக்காம உள்ள போனது என் தப்பு," என்றான் கடைசியில். "ஆனா ஒண்ணு. நான் உள்ள இருக்கும்போது அந்தப் பொட்டியப் பார்த்துப் பதில் சொல்லாத. எழுந்து வந்து பாரு."

பொருட்காட்சி திறந்தது. வாலுக்குப் போகிற வயரை அவள் கழற்றி வைத்திருந்தாள். மாவுக்கட்டோடு வந்த ஹாலித், "வால் ஆடாத முதலைய எவன் பார்ப்பான்?" என்று மாட்டச் சொன்னான். ஆட்களை வைத்துச் சுற்றிலும் கயிறு கட்டி, தூணருகே அவசரத்துக்கு நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்து, வாலுக்கு அடியில் கனமான இரும்பு முட்டும் நிரந்தரமாக நிறுத்தினான்.

முதல் காட்சிக்கு முன் அவள் யானையைச் சுற்றி நடந்து பார்த்தாள். யாருமில்லை. வந்து உட்கார்ந்தாள். மனசு கேட்காமல் இன்னொரு தடவை போய்ப் பார்த்தாள். கூட்டம் விசில் அடித்தது. ஓட விட்டாள். திரையை அவள் பார்க்கவில்லை. வால் மோட்டாரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலை யானையின் காலைக் கவ்வியது. வால் விசிறியது. வீலென்று ஓர் அலறல்.

நிறுத்திவிட்டாள்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஹாலித் எட்டிப் பார்த்தான். "பசங்க சந்தோஷத்துல கத்துதுங்க, ஹஃப்ஸா. ஒண்ணுமில்ல."

அவளுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. இருந்தாலும் எழுந்தாள். காத்திருக்கிற கூட்டத்தின் முணுமுணுப்பைக் கடந்து, யானைக்குப் பின்னால் போனாள்.